போர் கண்ட கடலாடு துறை

மனிதரைப் போலவே ஊர்களுக்கும் வரலாறு உண்டு. சில ஊர்கள் தாம் விரும்பி மேற்கொண்ட தொழிலால் பெயர் பெறுகின்றன. வேறு சில ஊர்கள் தாம் சிறிதும் எண்ணிப் பாராத நிகழ்ச்சியால் உலகிற்கு அறிமுகமாகின்றன. பிரான்சு நாட்டின் வடகரையில் உள்ள ஆரோமான்ஷ் என்னும் சிற்றூர் இவ்விரு வகையிலும் அடங்கும். கடலாடி இளைப்பாறுவதற்கேற்ற துறை என்னும் பெயரை அது தானே தேடிக்கொண்டது. போர்த்துறைமுகம் என்னும் பெயரோ அதன் மேல் வந்து விழுந்தது. இன்ப வாழ்வுக்கென அமைந்த ஓரூர் எவ்வாறு போரின் வாயிலாயிற்று என்பதையும், போர் முடிந்தபின் அவ்வூர் தன் இரு பெயர்களையும் எவ்வாறு காத்து வருகின்றது என்பதையும் அறிவது பயனுடையதாகும்.

ஊரின் அமைப்பு

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஆங்கிலக் கால்வாய் என்னும் கடல் உள்ளது. அக்கடலின் தென்கரையில் அமைந்த நாட்டுப்பகுதி நார்மண்டி எனப்படும். புல்வெளிகளும் ஆப்பிள் தோட்டங்களும் நிறைந்த வளமான பகுதி அது. அதன் கரையில், செங்குத்தான இரு குன்றுகளுக்கு நடுவே, சரிவான பள்ளத்தில் ஆரோமான்ஷ் அமைந்துள்ளது. சில நூறு மக்களே அங்கு வாழ்கின்றனர். ஊருக்கு முன்னே மணற்கரை விரிந்து கிடக்கின்றது. பாயூ என்னும் பழைய நகரம் ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

அக்கடலின் தனித்தன்மை ஒன்றை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். நாள்தோறும் இருமுறை கடல் ஏறுவதும் வற்றுவதும் எல்லாக் கடல்களிலும் பெரும்பாலும் காணும் இயல்பே. ஆயினும், நார்மண்டிக் கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு சில நாட்களில் ஆறேழு மீட்டர் அளவாகும். கடல் ஏறியிருக்கும் பொழுது ஊரின் கரைச்சுவரை அலைகள் மோதும். சில மணி நேரம் சென்றபின் அதே கடல் நெடுந்தொலைவு பின்வாங்கிவிடும். அப்பொழுது அகன்ற மணல்வெளி தோன்றும். சிறுவர் அவ்வெளியில் ஓடியாடுவர். பெரியோர் சிப்பி பொறுக்குவர். இந்த ஏற்றமும் வற்றமும் பின்னர்ப் போர்த்தலைவர்களுக்கும் பொறியியல் அறிஞர்களுக்கும் பெருஞ்சிக்கலாக வாய்த்தன.

கடலாடும் வழக்கம்

ஐரோப்பிய மக்கள் எக்காலத்தும் கடற்கரையை நாடி இன்பம் துய்த்தவர் அல்லர். நெடுங்காலம் கடல் என்பது மீனவர்க்கும் மாலுமிகளுக்கும் உரிய இடமாகவே கருதப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் சிலர் கடல்நீர் நோய் தீர்க்கும் என்று கூறத் தொடங்கினர். ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர் 1750-ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். மருந்தாகத் தொடங்கிய கடலாடல் நாளடைவில் பொழுதுபோக்காயிற்று.

அவ்வழக்கம் கால்வாயைக் கடந்து பிரான்சுக்கும் பரவியது. 1824-ஆம் ஆண்டு முதல் அரச குடும்பத்தைச் சேர்ந்த பெரிச் சீமாட்டி தியெப் என்னும் கடற்கரை நகருக்கு வந்து கடலாடினார். அரச குடும்பம் காட்டிய வழியில் செல்வர் பலரும் சென்றனர். ஆயினும், குதிரை வண்டியில் பல நாள் செல்லும் பயணம் எல்லோர்க்கும் இயலுவதன்று. அக்குறையை இருப்புப்பாதை தீர்த்தது. 1858-ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து செர்பூர்த் துறைமுகம் வரை இரயில் பாதை முழுமை பெற்றது. பாயூ நகரம் அப்பாதையில் உள்ளது. தலைநகரில் வாழ்ந்த குடும்பங்கள் கோடைக் காலத்தில் நார்மண்டிக் கரையை அடைவது எளிதாயிற்று.

இவ்வாறு மீனவர் குப்பங்கள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோடை வாழ் ஊர்களாக மாறின. ஆரோமான்ஷ் அவற்றுள் ஒன்று. கடலை நோக்கிய மாடி வீடுகளும் விடுதிகளும் அங்கு எழுந்தன. அவ்வூரின் முழுப்பெயர் ஆரோமான்ஷ் லே பான் என்பதாம். லே பான் என்னும் சொற்கள் நீராடுமிடத்தைக் குறிக்கும். கடலாட வருவோரை நம்பி வாழும் ஊர் தன் தொழிலையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

கரை மூடப்படுதல்

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு தோல்வியுற்றது. அதன் வடபகுதியும் மேற்குக் கடற்கரையும் ஜெர்மானியப் படையின் ஆட்சிக்குட்பட்டன. இங்கிலாந்து மட்டும் கால்வாய்க்கு அப்பால் பணியாது நின்றது. என்றேனும் ஒருநாள் அங்கிருந்து படை வரும் என்பதை ஜெர்மானியர் அறிந்திருந்தனர். எனவே, நார்வே நாடு முதல் ஸ்பெயின் நாட்டின் எல்லை வரை கடற்கரை நெடுகிலும் அரண்கள் அமைக்கத் தொடங்கினர். அதற்கு அட்லாண்டிக் மதில் என்று பெயரிட்டனர்.

கடலாடிய கரைகள் காவற்கரைகளாயின. மணலில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. படகுகளைக் கிழிக்கும் இரும்புச் சட்டங்களும் மரக்கம்பங்களும் நீர்விளிம்பில் நடப்பட்டன. குடும்பங்கள் குடை விரித்து அமர்ந்த இடங்களில் முள்வேலிகள் எழுந்தன. ஆரோமான்ஷுக்கு மேற்கே லோங் என்னுமிடத்தில் கடலை நோக்கி நான்கு பெரும் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. அவற்றைக் காத்த கான்கிரீட்டு அரண்கள் இன்றும் காணத்தக்கன.

துறைமுகம் இல்லாத இடத்தில் துறைமுகம்

இலட்சக்கணக்கான வீரர்களைக் கடல் கடந்து இறக்குவது ஒருபுறமிருக்க, அவர்களுக்கு வேண்டும் உணவும் மருந்தும் எண்ணெயும் வெடிமருந்தும் நாள்தோறும் இடைவிடாமல் சென்று சேர வேண்டும். அதற்குத் துறைமுகம் இன்றியமையாதது. துறைமுகங்களோ பகைவரின் வலிமை மிக்க காவலில் இருந்தன.

1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் நேச நாட்டுப் படையினர் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் தியெப் நகரைத் தாக்கினர். அவருள் பெரும்பாலோர் கானடா நாட்டு வீரர்கள். பிரெஞ்சு மக்கள் முதன்முதல் கடலாடி மகிழ்ந்த அதே கரையில் அன்று குருதி சிந்தியது. சென்றவருள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர், காயமுற்றனர், அல்லது சிறைப்பட்டனர். துறைமுகத்தை நேரே தாக்கிக் கைப்பற்றுதல் அரிது என்பதை அத்தோல்வி உணர்த்தியது. அங்ஙனமாயின், துறைமுகத்தையே உடன்கொண்டு செல்வதன்றி வேறு வழியில்லை என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

இவ்வெண்ணம் முன்பே முளைத்திருந்தது. 1942-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், மவுண்ட்பேட்டனுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். பின்னாளில் இந்தியாவின் இறுதி வைசிராயாக வந்தவர் இம்மவுண்ட்பேட்டனே. திறந்த கடற்கரையில் பயன்படும் இறங்குதுறைகள் வேண்டும் என்றும், அவை கடலின் ஏற்றவற்றத்தோடு தாமும் உயர்ந்து தாழ்தல் வேண்டும் என்றும் சர்ச்சில் அக்குறிப்பில் வற்புறுத்தியிருந்தார்.

அது ஏன் தேவையாயிற்று? நிலையான இறங்குதுறை ஒன்றைக் கட்டினால், கடல் ஏறும்போது கப்பல் அதற்கு மேலே எழும். வற்றும்போது பல மீட்டர் கீழே இறங்கிவிடும். சரக்கு இறக்குவது தடைப்படும். கப்பலைக் கரைமணலிலேயே ஏற்றி நிறுத்தினாலோ, மீண்டும் கடல் ஏறும் வரை அது பெயர முடியாது. ஆகவே, கப்பலோடு சேர்ந்து ஏறி இறங்கும் துறையே வேண்டியிருந்தது.

பொறியியலார் பலர் இச்சிக்கலை ஆராய்ந்தனர். ஸ்காட்லாந்து நாட்டின் கார்லீஸ்டன் என்னும் ஊரருகே மூன்று வகை அமைப்புகள் சோதிக்கப்பட்டன. அப்போது வீசிய புயலில் இரண்டு சிதைந்தன. ஆலன் பெக்கெட் என்பவர் வகுத்த மிதவைப் பாலமே தாங்கி நின்றது. அதுவே தேர்ந்தெடுக்கப்பட்டது. திட்டம் முழுவதற்கும் மல்பெரி என்னும் மறைபெயர் வழங்கிற்று. மல்பெரி என்பது முசுக்கொட்டைப் பழம். வேலையின் தன்மையைப் பகைவர் ஊகிக்கலாகாது என்பதற்காகவே தொடர்பற்ற பெயர் வைக்கப்பட்டது.

அத்துறைமுகம் மூன்று பகுதிகளால் ஆனது. முதலாவது, அலைகளைத் தடுக்கும் சுவர். இதற்காகப் பழைய கப்பல்களை வரிசையாக நிறுத்தி மூழ்கடிக்கத் திட்டமிட்டனர். அவற்றோடு பெரிய கான்கிரீட்டுப் பெட்டிகளும் செய்யப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியது அறுபது மீட்டர் நீளமும் பதினெட்டு மீட்டர் உயரமும் உடையது; எடை ஏறத்தாழ 6,000 டன். ஆயினும் உள்ளே வெற்றிடமாக இருந்தமையால் அது கப்பலைப் போல் மிதந்தது. உரிய இடத்திற்கு இழுத்துச் சென்று, கதவுகளைத் திறந்து நீரை உட்செலுத்தினால் அது கடலடியில் அமர்ந்து சுவராகிவிடும். இரண்டாவது, கப்பல்கள் அணையும் மேடை. மேடையின் நான்கு மூலைகளிலும் நின்ற இரும்புக் கால்கள் கடலடியில் ஊன்றின. மேடை மட்டும் நீரோடு ஏறி இறங்கியது. மூன்றாவது, மேடையையும் கரையையும் இணைத்த மிதவைப் பாலச் சாலை. லாரிகள் கப்பலிலிருந்து அச்சாலையின் மீது ஓடியே கரை சேரலாம்.

இப்பகுதிகளை இங்கிலாந்தின் பல இடங்களில் பல்லாயிரம் தொழிலாளர் இரவு பகலாகச் செய்தனர். தாம் செய்வது எதன் உறுப்பு என்பதை அவருள் பெரும்பாலோர் அறியார்.

ஜூன் திங்கள்

1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் காலை நேச நாட்டுப் படைகள் நார்மண்டியின் ஐந்து கரைகளில் இறங்கின. அவற்றுள் கோல்டு என்று மறைபெயரிடப்பட்ட கரையில் பிரிட்டிஷ் படை இறங்கியது. ஆரோமான்ஷின் மணற்கரையில் வீரர் எவரும் நேரே இறங்கவில்லை. கிழக்கே ஆனெல் என்னும் ஊருக்கு அருகில் இறங்கிய படைப்பிரிவினர், நண்பகல் கடந்தும் நீடித்த கடும்போருக்குப் பின்னர் முன்னேறி வந்தனர். அன்று மாலையில் ஊர் அவர்கள் வசமாயிற்று. மறுநாள் பாயூ நகரமும் விடுதலை பெற்றது.

அதன்பின் ஊர்மக்கள் கண்ட காட்சி வியப்பிற்குரியது. கான்கிரீட்டுப் பெட்டிகள் கட்டடங்களே மிதந்து வருவனபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் தோன்றின. சிறு இழுவைக் கப்பல்கள் அவற்றை மெல்ல இழுத்து வந்தன. சில நாட்களில் ஊருக்கெதிரே அரைவட்டமாக ஒரு சுவர் எழுந்தது. அதனுள் நீர் அமைதியடைந்தது. படகன்றிப் பெருங்கப்பல் கண்டிராத ஊர், இங்கிலாந்தின் டோவர்த் துறைமுகத்திற்கு ஒப்பான துறைமுகத்தைப் பெற்றது. நாளொன்றுக்கு 7,000 டன் பொருளை இறக்குதல் வேண்டும் என்பது அதற்கு வகுக்கப்பட்ட அளவு.

அமெரிக்கப் படைக்கென மேற்கே சான் லோரான் என்னும் ஊரில் இதுபோன்ற மற்றொரு துறைமுகமும் அமைக்கப்பட்டது. ஜூன் 19-ஆம் நாள் கால்வாயில் பெரும்புயல் தோன்றி மூன்று நாள் ஓயாது வீசியது. கோடைக்காலத்தில் அத்தகைய புயல் பல ஆண்டுகளாக வந்ததில்லை. சான் லோரான் துறைமுகம் மீட்கவியலாதவாறு சிதைந்தது. ஆரோமான்ஷ் துறைமுகமும் சேதமுற்றது, எனினும் நிலைகுலையவில்லை. கரைக்கு முன்னே கடலுள் கிடந்த பாறைத்தொடர் அலைகளின் வேகத்தை ஓரளவு தணித்தது. சான் லோரானில் எஞ்சிய பகுதிகளைக் கொணர்ந்து ஆரோமான்ஷ் துறைமுகத்தைச் செப்பனிட்டனர்.

மூன்று மாதம் நிலைத்தால் போதும் என்று கருதிச் செய்யப்பட்ட அத்துறைமுகம் அதற்கு மேலும் உழைத்தது. ஜூன் இறுதியில் பிடிபட்ட செர்பூர்த் துறைமுகத்தை ஜெர்மானியர் முன்னரே தகர்த்திருந்தனர். அதனைச் சீர்ப்படுத்தக் காலம் பிடித்தது. பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திற்கு நவம்பர் இறுதியிலேதான் கப்பல் வரிசைகள் வரத் தொடங்கின. அதுவரை, கோடை விருந்தினர் நடந்த தெருக்களில் போர்ப்படையின் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

வெற்றியின் விலை

துறைமுகத்தின் அருமையைப் பேசும்பொழுது அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மறத்தலாகாது. அதன்வழியே சென்ற வெடிமருந்து நார்மண்டியின் வயல்களிலும் ஊர்களிலும் வெடித்தது. விடுதலை செய்ய வந்தோரின் குண்டுகளும், காத்து நின்றோரின் குண்டுகளும் பொதுமக்களை வேறுபடுத்திப் பார்க்கவில்லை. அக்கோடையில் நடந்த போரில் நார்மண்டியில் ஏறத்தாழ 20,000 பொதுமக்கள் உயிரிழந்தனர். அண்மையிலிருந்த கான் நகரின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. ஆரோமான்ஷ் அத்தகைய பேரழிவுக்கு ஆளாகாமல் தப்பியது.

பாயூ நகரில் உள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் 4,600-க்கு மேற்பட்ட வீரர்கள் துயில்கின்றனர். அவருள் பெரும்பாலோர் பிரிட்டிஷ் வீரர்கள். பகைவராய்ப் போரிட்ட ஜெர்மானியர் நானூற்றுக்கு மேற்பட்டோரும் அதே தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அருகில் நினைவு மண்டபம் ஒன்று உண்டு. 1066-ஆம் ஆண்டில் நார்மண்டித் தலைவன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். முன்னர் அவனால் வெல்லப்பட்ட மக்கள் இப்பொழுது அவன் பிறந்த நாட்டை விடுவித்தனர் என்னும் கருத்தமைந்த இலத்தீன் வாசகம் அம்மண்டபத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

மீண்டும் கடலாடு துறை

1945-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் போர் முடிந்தது. ஆரோமான்ஷ் முன்போல் கோடை விருந்தினரை வரவேற்கத் தொடங்கியது. கடற்கரையைப் பழைய அழகோடு காண விரும்புவோர்க்கு அக்கான்கிரீட்டுப் பெட்டிகள் இடையூறாகத் தோன்றியிருத்தல் கூடும். மிதவைப் பாலங்கள் பலவும் கழற்றப்பட்டு, போரில் தகர்ந்த பாலங்களுக்கு மாற்றாக ஆறுகளின் மேல் அமைக்கப்பட்டன. படை செல்லச் செய்த பாலம், குடியானவரின் வண்டி செல்ல உதவிற்று.

ஆயினும், நினைவை முற்றும் துடைத்துவிட நார்மண்டி மக்கள் விரும்பவில்லை. விடுதலைக்குப்பின் பாயூப் பகுதியின் நிர்வாக அதிகாரியாய் இருந்த ரேமோன் திரிபூலே இம்முயற்சிக்கு முன்னின்றார். படை இறங்கிய கரைகளின் நினைவைப் பாதுகாப்பதற்கென 1947-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. ஆரோமான்ஷின் கடலோரத்திலேயே, துறைமுகத்தை எதிர்நோக்கி, ஓர் அருங்காட்சியகம் கட்டப்பட்டது. பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி 1954-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரெனே கோட்டி அதனைத் திறந்து வைத்தார். துறைமுகம் இயங்கிய முறையைச் சிறிய உருவங்களால் காட்டி, பின்னர்ச் சாளரத்தின் வழியே கடலில் கிடக்கும் உண்மைப் பெட்டிகளைக் காணும்படி அது அமைந்தது. அதற்கு மாற்றாக 2023-ஆம் ஆண்டில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது.

2004-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அறுபதாம் ஆண்டு நிறைவின்போது, பல நாட்டுத் தலைவர்கள் ஆரோமான்ஷில் கூடினர். அவ்வாண்டு விழாவில் ஜெர்மானிய நாட்டுத் தலைமை அமைச்சர் ஒருவர் முதன்முறையாகக் கலந்துகொண்டார். அறுபது ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற நாடுகள் அக்கரையில் ஒருங்கே நின்றன. போர்த்துறைமுகத்தால் பெயர் பெற்ற ஊருக்கு அதனினும் சிறந்த பெருமை வேறில்லை எனலாம்.

கடலில் எஞ்சிய பெட்டிகள் எண்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. ஆயினும் அலைகள் அவற்றை ஆண்டுதோறும் அரித்து வருகின்றன. சில பிளந்துவிட்டன, சில சரிந்து கிடக்கின்றன. கடல் வற்றும்பொழுது சிறுவர் மணலில் நடந்து சென்று, கரையருகே கிடக்கும் சிதைவுகளைத் தொட்டுப் பார்க்கின்றனர். அவற்றில் பாசியும் சிப்பியும் படர்ந்துள்ளன. கடல் ஏறும்பொழுது குடும்பங்கள் நீராடுகின்றன. அவர்களுக்கு எதிரே அப்பெட்டிகள் கரிய வரிசையாகத் தோன்றுகின்றன.

இனிய கடற்கரையும், ஒதுங்கிய குடாவும், அலை தணிக்கும் பாறைகளும் ஓரூருக்கு இயற்கை அளித்த செல்வங்கள். அமைதிக் காலத்தில் அவை விருந்தினரை அழைத்தன. போர்க் காலத்தில் அவையே கப்பற்படையையும் அழைத்தன. நிலம் தானே நன்மையும் தீமையும் செய்வதில்லை. அதனை ஆளும் மனிதரின் எண்ணமே அதனைக் கடலாடு துறையாகவோ போர்த்துறையாகவோ ஆக்குகின்றது. தம் கரைக்கு இவ்விரு நிலைகளும் நேர்ந்ததை ஆரோமான்ஷ் மக்கள் மறைக்கவில்லை. கான்கிரீட்டைக் கடல் கரைத்துவிட்ட பின்னரும் அந்நினைவு வாழுமாறு, அவர்கள் அதனைத் தம் பிள்ளைகளுக்கும் தம் ஊருக்கு வரும் விருந்தினருக்கும் சொல்லி வருகின்றனர்.